மலிவு எண்ணெய் யாருக்குப் போய்ச் சேர்ந்தது?

அரசாங்கப் பணம் என்றால் அது கோலாலம்பூரில் யாரோ வைத்திருக்கும் பணம் என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். நாம் வாங்கும் பல பொருள்களின் விலையில் அடங்கியுள்ள வரியும் அதில் சேர்ந்ததுதான். ஆகவே, அது எங்கே போகிறது என்று கேட்க நமக்கும் உரிமை உண்டு.

2021 பிப்ரவரி முதல் 2025 செப்டம்பர் வரை ரோன் 95 பெட்ரோல் லிட்டர் 2 வெள்ளி 5 காசுக்கு விற்றது. உலகச் சந்தையில் விலை ஏறியபோதும் இங்கே ஏறவில்லை. மிச்சத்தை அரசாங்கம் கட்டியது. நல்ல செய்திதானே என்போம். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். லிட்டருக்கு 50 காசு அரசாங்கம் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். தோட்டத்தில் மோட்டார் சைக்கிள் வைத்திருப்பவர் மாதம் 15 லிட்டர் போட்டால் அவருக்குக் கிடைக்கும் உதவி ஏழரை வெள்ளி. பட்டணத்தில் இரண்டு பெரிய கார்கள் வைத்திருப்பவர் 300 லிட்டர் போட்டால் 150 வெள்ளி. இருப்பவருக்கே இருபது மடங்கு!

டீசல் சங்கதி இன்னும் மோசம். மலிவு டீசல் எல்லை தாண்டிக் கடத்தப்பட்டது. அதனால் 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் அதன் விலை 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசுக்கு உயர்ந்தது. தகுதி பெற்ற டீசல் வண்டிக்காரர்களுக்கும் சிறு தோட்டக்காரர்களுக்கும் மாதம் 200 வெள்ளி ரொக்கம் தரப்பட்டது.

2025 செப்டம்பர் 30 முதல் பெட்ரோலுக்கும் புது முறை வந்தது. மைகார்டும் காலாவதியாகாத லைசென்சும் உள்ள குடிமக்களுக்கு லிட்டர் 1 வெள்ளி 99 காசு, மாதம் 300 லிட்டர் வரை என்று இருந்தது. மற்றவர்களுக்கு அப்போது 2 வெள்ளி 60 காசு. அந்நியருக்குப் போன பணம் மிச்சமானது, அது சரியே. ஆனால் நாம் சொன்ன அந்தக் கார்க்காரரின் 300 லிட்டருக்கு அப்போது ஒரு குறையும் வரவில்லை. யார் விடுபட்டார்? இங்கேயே பிறந்து, நாற்பது வருடம் பால்மரம் சீவி, இன்னும் சிவப்பு அடையாள அட்டையோடு இருக்கும் பெரியவர். பழைய மோட்டார் சைக்கிளுக்கு அவர் முழு விலை கொடுத்தார்.

நம் லயத்தில் அப்படிப்பட்டவர் யார் யார் என்று இன்று மாலையே விசாரிப்போம். பிறப்புப் பத்திரம், பழைய தோட்டப் பதிவு, பள்ளிக்கூடச் சான்றிதழ் எது இருந்தாலும் எடுத்துக்கொண்டு, படித்த பிள்ளை ஒருவரோடு அவரைப் பதிவிலாகாவுக்கு அனுப்பிவைப்போம்.