விழும் முட்டைக்கு ஒரு பொதி

பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் சென்ற தவணை நடந்த விஞ்ஞானப் போட்டிக்குப் போயிருந்தேன். பச்சை முட்டையை எதிலாவது பொதிந்து மேல்மாடியிலிருந்து போட வேண்டும், உடையக் கூடாது. பார்ப்பதற்கு விளையாட்டுத்தான். என்றாலும் கூடை பின்னுவதைப்போல, பெட்டி செய்வதைப்போல, இதையும் நான் ஒரு கைவேலையாகவே மதிக்கிறேன்.

முதலில் கணக்கு. 5 மீற்றர் உயரத்திலிருந்து விட்ட முட்டை ஒரே விநாடியில் தரைக்கு வந்துவிடும். அப்போது அதன் வேகம் மணிக்கு ஏறக்குறைய 35 கிலோமீற்றர், பசறை வீதியில் வளைவுக்கு வளைவு ஓடும் பஸ்ஸின் வேகம். அது 1 மில்லிமீற்றருக்குள் நின்றால், 60 கிராம் முட்டைமேல் 300 கிலோ பாரம் ஏறினதுபோல. பொதி 5 சென்ரிமீற்றர் நசுங்கிக் கொடுத்தாலோ அது 6 கிலோதான். வித்தை முழுக்க அந்த ஐந்து சென்ரிமீற்றருக்குள் இருக்கிறது.

ஒரு பையன் பால்மா டின்னுக்குள் முட்டையை வைத்து, மூடியை இறுக்கி ஒட்டியிருந்தான். விழுந்த டின்னில் ஒரு நெளிவும் இல்லை, உள்ளேயிருந்து மஞ்சள் கரு ஒழுகிற்று. கடையில் ரெஜிபோம் வாங்கி வந்தவர்கள் தப்பினார்கள். என் மனம் நின்றதோ ஒரு சிறுமியின் பொதியில். இரண்டு யோகட் கப்புகளை வாயோடு வாய் வைத்து ஒட்டியிருந்தாள். உள்ளே முட்டை அசையாமலிருக்கப் பழைய சேலைத்துணி. வெளியே காய்ந்த மானாப்புல்லைத் தளர்வாகப் பந்துபோல் சுற்றி, உரச்சாக்கு நூலால் கட்டியிருந்தாள். அது விழுந்தது, ஒரு துள்ளுத் துள்ளி உருண்டது. பிரித்தபோது ஒரு பக்கத்துப் புல் மட்டும் சப்பளிந்து கிடந்தது. உள்ளே இறுக்கம், வெளியே இளக்கம். 1997 ஜூலை 4ஆம் திகதி செவ்வாய்க் கிரகத்தில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலத்தைச் சுற்றி நாசா கட்டிய காற்றுப் பைகளும் இதைத்தானே செய்தன? குறைந்தது 15 தடவை துள்ளித்தான் அது ஓய்ந்தது.

முட்டையை எப்படி வைப்பது என்பதையும் பிள்ளைகள் யோசிக்க வேண்டும். ஓட்டின் தடிப்பு அரை மில்லிமீற்றர்கூட இல்லை, ஆனாலும் கூர் முனையும் மொட்டை முனையும் வளைவுகள். 1921இல் கட்டி முடித்த தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் ரயிலின் பாரத்தை எப்படிப் பிரித்து இறக்குகிறதோ, அப்படித்தான் இந்த முனைகளும். குருநாகல் பக்கமிருந்து லொறியில் மலையேறி வரும் முட்டைத் தட்டைப் பாருங்கள், முப்பதும் நிமிர்ந்தே நிற்கும்.

எனக்கு ஒரு வருத்தம். உடைந்ததா இல்லையா என்று மட்டும் பார்த்துப் புள்ளி போட்டார்கள். பொதிகள் குப்பைக்குப் போயின. உடைந்ததையும் பிரித்து, எந்தப் பக்கம் நசுங்கியது, எங்கே இடித்தது என்று பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்திருக்கலாம். அந்த டின் பையன் அதைத்தான் கேட்டுக்கொண்டு நின்றான்.

இன்னொன்று. நாள் முழுக்கக் கொழுந்து எடுக்கும் ஒரு தாய் கொடுத்தனுப்பிய முட்டை அது, அவளுடைய பிள்ளையின் சாப்பாடு. முட்டையைக் கழுவி, சுத்தமான சொப்பிங் பையில் போட்டு முடிந்து, அதன்பிறகு பொதியுங்கள். உடைந்தாலும் மண் படாது. வெங்காயமும் பச்சைமிளகாயும் வெட்டிப்போட்டு அன்றைக்கே பொரித்து, எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாம்.