இடுக்கிவாற் பூச்சியின் குலவரலாறு



நெடுந்தீவுக்குச் சென்றவர்கள் அங்குள்ள கல்வேலிகளைக் கண்டிருப்பார்கள். பவளக்கற்களைச் சாந்தின்றி ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, வளவுகளுக்கு எல்லை வகுத்திருக்கிறார்கள். அத்தகைய கற்களின் அடியிலும் கரைமணலிலும் ஒதுங்கி வாழும் பூச்சிக் கூட்டம் ஒன்றின் குலவரலாற்றையே இன்று கூற எண்ணுகிறேன்.

இப்பூச்சியின் உடல் நுனியில் இரு கொம்புகள் குறடுபோல் வளைந்திருக்கும். ஆதலால் இதனை இடுக்கிவாற் பூச்சி என்போம். உறங்குவோர் செவியில் புகும் என்றஞ்சி ஆங்கிலேயர் இதற்குக் காதின் பெயரை இட்டனர், அது வீண்பழி. உலகில் ஏறத்தாழ 2,000 இனங்கள் உள. இந்தியா, இலங்கை, பர்மா ஆகிய நாடுகளின் இனங்களை மால்கம் பர் என்பார் 1910இல் ஒரே நூலில் வகுத்துரைத்தார். மணலில் வளை தோண்டும் இனத்துக்கு 'லாபிடூரா ரிப்பாரியா' என்று பெயர். ரிப்பாரியா என்பது கரைக்குரியது எனப் பொருள்படும். ஊர்காவற்றுறை, நயினாதீவுப் பக்கத்து மணற்கரை போன்ற இடங்களே அதற்கு உகந்தவை.

இவற்றின் முன்னோரை எங்கே தேடுவது? நம் தீவுகளின் சுண்ணக்கல்லில் அன்று. அது மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. சிப்பியும் சங்கும் பவளமுமே அதில் மிகுதி. நிலத்துப் பூச்சியின் மெல்லுடல் அங்கே பதிவது அரிது. கசாக்கிஸ்தானத்துக் கராத்தாவு மலையில், பழைய ஏரியொன்றின் நுண்படிவில் அது கிடைத்தது. யுராசிக் காலத்ததான அப்பூச்சியை 1925இல் ருசிய அறிஞர் மார்த்தினோவ் விவரித்தார். அதன் வாலில் இடுக்கி இல்லை. பல கணுக்கள் கொண்ட இரு நீண்ட இழைகளே இருந்தன. இடுக்கியில்லாததை இக்குலத்தில் எவ்வாறு சேர்ப்பது?

விடை அதற்கு முன்னரே இலங்கையில் கிடைத்திருந்தது. 1881இல் வெஸ்ட்வுட் என்னும் பேரறிஞர், இலங்கையிலிருந்து கிடைத்த விந்தைப் பூச்சியொன்றுக்கு 'டிஸ்கிரிட்டினா' என்று புதுப்பெயர் சூட்டினார். அதற்கும் கணுக்கள் மிக்க நீள்வால் உண்டு. அக்காலத்தில் தேயிலைத் தோட்டக்காரராயிருந்து, பின்னர் அரசாங்கப் பூச்சியியலாளரான ஏர்னஸ்ட் கிரீன், அதனை உயிருடன் பிடித்துப் பொறுமையாக வளர்த்தார். அது தோலுரித்து வளர்ந்தது. இறுதிப் பருவத்தில் நீள்வால் ஒடிந்து அடிக்கணு மட்டும் எஞ்சியது. கடைசித் தோல் கழன்றபோது அவ்விடத்தில் இடுக்கி தோன்றியது! புதுக்குலம் என்று கருதப்பட்டது, முன்னரே அறியப்பட்ட 'டிப்பிளாட்டிஸ்' என்னும் இடுக்கிவாற் பூச்சியின் குஞ்சே. செத்த உடலை ஊசியில் குத்தி வைத்துப் பார்ப்பதாலேயே எல்லாம் விளங்கிவிடாது என்பதற்கு இதனினும் நல்ல சான்று நான் அறியேன்.

மார்த்தினோவ் தம் புதைபடிவத்துக்கு 'புரோட்டோடிப்பிளாட்டிஸ்', அதாவது முதல் டிப்பிளாட்டிஸ், என்றே பெயரிட்டார். தொல்காலத்தில் முதிர்ந்த பூச்சி கொண்டிருந்த வாலை, இன்று குஞ்சு மட்டும் சிலகாலம் தாங்கித் துறக்கிறது.

யுராசிக் காலந்தொட்டு நிலைத்த குலமாயினும், அதன் கிளைகள் அழியாமலில்லை. நம் கரையினத்தின் நெருங்கிய உறவான இராட்சத இடுக்கிவாற் பூச்சி, தென் அத்திலாந்திக்கிலுள்ள செயின்ற் எலேனாத் தீவில் மட்டும் வாழ்ந்தது. 8 சென்றிமீற்றருக்கும் மேல் வளரும். கட்டட வேலைக்காக அது ஒளிந்திருந்த கற்கள் அகற்றப்பட்டன. கப்பல்களோடு எலியும் பூரானும் வந்தன. 1967க்குப் பின் உயிருடன் அதனை எவரும் கண்டதாக உறுதியில்லை. 2014இல் அற்றுப்போனதாக அறிவித்தார்கள். அதுவும் ஒரு தீவு. அங்கும் அதன் வீடு வெறுங் கல்தான்.

நம் பக்கத்தில் இக்குலத்தாரைக் காண விரும்புவோர் இரவில் விளக்குடன் செல்லல் நன்று. பகலில் கல்லைப் புரட்டுவதாயின் மெல்லப் புரட்டி, இருந்தபடியே மீண்டும் வைத்துவிடுங்கள். தாய்ப்பூச்சி தன் முட்டைகளைப் பூஞ்சணம் பற்றாதபடி நக்கித் துடைத்துக்கொண்டு அவற்றின் மேலேயே காவலிருக்கும்.