மாமா கொல்லையில கீறாரு



என் அக்காவைக் கும்பகோணத்திலிருந்து திருவண்ணாமலைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்தோம். போன மூன்றாம் நாள் மாமியார் தூக்குவாளியை நீட்டி, "மாமா கொல்லையில கீறாரு, கூழு குடுத்துட்டு வாம்மா" என்றார். அக்கா வெலவெலத்துப் போனாள். எங்கள் ஊரில் கொல்லை என்றால் வீட்டின் பின்புறம்; கழிப்பிடமும் அங்கேதான். அங்கே இருப்பவருக்குக் கூழா? வாளியோடு பின்வாசலிலேயே நின்றிருக்கிறாள். மாமனாரோ ஒரு மைல் தள்ளி மேட்டு நிலத்தில் களை வெட்டிக்கொண்டிருந்தார். அந்தப் பக்கம் கொல்லை என்பது புன்செய். சங்கப் பாடல்களில் வரும் கொல்லையும் வரகு விளையும் நிலம்தான். வீட்டுக்குப் பின்னால் வந்து ஒதுங்கியது எங்கள் கொல்லை.

அந்தப் பின்புறத்துக்குக் கொங்கில் பொடக்காலி என்று பேர், நெல்லையில் புறவாசல். முன்கூடம் நெல்லையில் பட்டாசல், கொங்கில் ஆசாரம்.

வளவு இன்னும் வில்லங்கம். யாழ்ப்பாணத்தில் வீட்டைச் சுற்றி வேலியடைத்த காணி வளவு. நெல்லையில் பொதுவாசலுக்குள் வரிசையாக இருக்கும் குடித்தன வீடுகள். செட்டிநாட்டிலோ வீட்டுக்குள்ளேயே, நடுமுற்றமும் அதைச் சுற்றிய அறைகளும்.

சமைக்கும் இடம் தெற்கே அடுக்களை. யாழ்ப்பாணத்தில் குசினி; 1619இல் அந்த ராச்சியத்தைப் பிடித்த போர்த்துகீசியர் சொல். யன்னலும் அவர்கள் தந்ததே. புதுச்சேரியிலும் குசினி உண்டு, அங்கே அது பிரெஞ்சுக்காரர் உபயம் என்பார்கள்.

எனக்குப் பிடித்தது அங்கணம். நெல்லைப் பக்கத்துப் பழைய அடுக்களையின் மூலையில், தரையிலேயே ஒரு சாண் தாழ்வாகச் சதுரமாக இருக்கும். ஓரத்தில் திண்டு, சுவரடியில் ஓட்டை. குத்தவைத்துப் பாத்திரம் கழுவினால் தண்ணீர் வெளியே வாழை மூட்டுக்குப் போய்விடும். அங்கணம் திருக்குறளிலேயே வருகிற சொல். இத்தனை நூற்றாண்டு ஓடி வந்தது, நின்றுகொண்டு கழுவ மேடை கட்டியதும் 'சிங்க்' ஆகிவிட்டது. முதுகுவலி போனதில் எனக்கு வருத்தமில்லை. சொல்லையாவது மேடைமேல் ஏற்றியிருக்கலாம்.

போன பொங்கலுக்கு அக்கா வந்திருந்தாள். "கொல்லையில ரெண்டு ஏக்கர் மல்லாட்டை போட்டிருக்கோம்மா" என்றாள்; மல்லாட்டை அங்கே நிலக்கடலை. அம்மா அரிசி களைவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "ரெண்டு ஏக்கர்ல கொல்லையா? வீடு எவ்வளவு பெருசுடி?"