வெங்காய வேரும் கோடை விடுமுறையும்

வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பங்களில் கோடை பிறந்தால் இரண்டே வழிகள். ஊருக்குப் புகைவண்டி ஏறுவது ஒன்று. பிள்ளைகளை நுழைவுத்தேர்வுப் பயிற்சிக்கு அனுப்புவது மற்றொன்று. உயிரியல் பயிலும் மாணாக்கர்க்கு மூன்றாவது வழியும் உண்டு. தம் கையாலேயே செய்து கற்கும் கோடை முகாமே அது.

மும்பையிலுள்ள ஹோமி பாபா அறிவியல் கல்வி மையத்தில், தேர்வுகளில் முன்னின்ற மாணாக்கர் கோடைதோறும் கூடிப் பயில்கின்றனர். அவர்களுள் நால்வர் அனைத்துலக உயிரியல் ஒலிம்பியாடுக்குச் செல்வர். 1990-இல் தொடங்கிய அப்போட்டி 2008-இல் மும்பையிலேயே நடைபெற்றது. அதில் ஆய்வுக்கூடத் தேர்வும் உண்டு. மனப்பாடம் அங்கே கைகொடாது.

எல்லாரும் அந்நால்வராதல் இயலாது. ஆயினும் கை கற்கும் பாடம் சிறு முகாம்களிலும் கிடைக்கும். ஒன்றைக் கூறுவோம். டம்ளர் நீரின்மேல் அமர்த்திய வெங்காயம் சில நாட்களில் வேர் விடும். காலையில் வேர் நுனிகளை நறுக்கி, மூன்று பங்கு ஆல்கஹாலும் ஒரு பங்கு அசிட்டிக் அமிலமும் கலந்த நீர்மத்தில் இடுவர். பின்னர் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இளஞ்சூடாக்கி, அசிட்டோகார்மைன் சாயம் ஏற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்துக் கட்டைவிரலால் நசுக்குவர். குரோமோசோமைத் தமிழில் நிறப்புரி என்பர். சாயத்தை ஏற்பதால் வந்த பெயர் அது என்பது, செந்நிறம் ஏறியதைக் கண்ட பிள்ளைக்கு விளக்காமலே விளங்கும்.

ஆனால் முதல் தகடு பெரும்பாலும் ஏமாற்றும். பாடநூற் படத்தில் செல்பிரிதலின் நிலைகள் யாவும் வரிசையாக நிற்கும். நுண்ணோக்கியிலோ பெரும்பாலான செல்கள் பிரியாமலே கிடக்கும். சில ஒன்றன்மேல் ஒன்று படிந்திருக்கும். பொறுமையிழந்த மாணாக்கன் பாடநூற் படத்தையே குறிப்பேட்டில் வரைந்துவிடுவான். நல்ல ஆசிரியர் அதற்கு மதிப்பெண் தரமாட்டார், "இதை எந்தத் தகட்டில் கண்டாய்? காட்டு" என்பார். வெங்காயத்திற்குரிய நிறப்புரிகள் 16. கண்ணுக்குத் தெரிந்தவை 13 எனில் 13 என்றே எழுதி, எஞ்சியவை மறைந்திருக்கலாம் என ஓரத்தில் குறித்தல் வேண்டும். நாளை நோயாளியின் இரத்தத்தை ஆராயப்போகும் கைகள் அன்றோ இவை! பயிற்சிக் கூடங்கள் விரைவைக் கற்பிக்கின்றன. இதற்கு அங்கே நேரமில்லை.

அமிலமும் சாயமும் ஆசிரியர் முன்னிலையில் மட்டுமே கையாளத்தக்கவை. வேர் விடச் செய்வதை வீட்டிலேயே தொடங்கலாம். வெங்காயத்தின் அடிப்பகுதி மட்டும் நீரைத் தொடட்டும். நீரை நாள்தோறும் மாற்றுங்கள். வடநாட்டு வெயிலில் அது விரைவில் அழுகிவிடும்.