வெறும் சாயத்தண்ணியோடு மலைக்குப் போனால்

(தோட்டத்துப் பிள்ளை மடுவத்தில் நடந்த குடும்பநலக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாள் முழுக்க மலையில் நின்றுவிட்டு வந்து, இந்த நேரத்தில் உட்கார்ந்து பேச்சுக் கேட்பது லேசான காரியம் இல்லை. ஆகவே சுருக்கமாகப் பேசப் பார்க்கிறேன். பேசப்போவதும் அந்தக் களைப்பைப் பற்றித்தான்.

போன மாதம் துரை என்னைக் கூப்பிட்டு, "அந்திக் கொழுந்து ஏன் இவ்வளவு குறையுது? பொம்பளைங்ககிட்ட பேசிப் பாருங்க" என்றார். நான் நாலு நாள் கொழுந்து மடுவத்தில் போய் நின்றேன். தராசைப் பார்க்கவில்லை. வந்தவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்டேன். "காலையில என்ன சாப்பிட்டீங்க?" பாதிப் பேருக்கு மேல் சொன்ன பதில், "ஒரு கோப்பை சாயத்தண்ணிதான் ஐயா."

காலையில் நாலு, நாலரைக்கு எழும்புகிறீர்கள். அடுப்பு மூட்டி, ரொட்டி சுட்டு, புருஷனுக்குக் கட்டி, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுத்தி, கைப்பிள்ளையை மடுவத்தில் விட்டு, பெரட்டுக்கு ஓடுகிறீர்கள். இவ்வளவும் செய்தவளுக்கு ஒரு ரொட்டி சாப்பிட நேரமில்லை. பத்து மணிவரைக்கும் சாயமும் சீனியும்தான். பசி தெரியாமலிருக்க வாயில் வெற்றிலை. வெற்றிலை பசியை மறைக்கும், ஆனால் உடம்புக்கு ஒன்றும் கொடுக்காது. 2022இல் மா விலை ஏறியபோது நம் லயங்களில் முதலில் குறைந்தது தாயின் பங்குதான். பல வீடுகளில் அந்தப் பழக்கம் இன்னும் மாறவில்லை.

கவ்வாத்து வெட்டிய மலையில் மறுநாளே போய்க் கொழுந்து எடுக்கிறோமா? இல்லை. செடி தளிர்க்க மாதக்கணக்கில் விடுகிறோம், உரம் போடுகிறோம். செடிக்குத் தெரிந்த நியாயம் அதைப் பறிக்கிறவளுக்கு இல்லாமல் போய்விட்டது.

என் பிழை ஒன்றையும் இங்கே சொல்லத்தான் வேண்டும். பல வருசத்துக்கு முன் நான் வேறொரு தோட்டத்தில் வேலை செய்தேன். ஒரு அக்கா நிறையில் எப்போதும் பின்னால்தான் நிற்பார். கங்காணி, "இது சோம்பேறி ஐயா, சொல்லிச் சொல்லி அலுத்துப்போச்சு" என்றார். நானும் அந்த அக்காவைக் கூப்பிட்டுப் புத்தி சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டு கிழமையில் ஏற்றத்தில் மயங்கி விழுந்தார். ஆஸ்பத்திரியில் இரத்தம் பார்த்தால் ஏழுதான் இருந்தது. சாதாரணமாக ஒரு பெண்ணுக்கு 12க்குக் குறையக் கூடாது, கர்ப்பிணிக்கு 11க்குக் குறையக் கூடாது. ஏழை வைத்துக்கொண்டு அவர் கூடை சுமந்து மலையேறியிருக்கிறார். அவரை நான் சோம்பேறி என்று நினைத்தேன். அதற்குப் பிறகு யாரையும் நான் அந்த வார்த்தை சொல்வதில்லை.

இரத்தம் குறைந்தால் மூச்சு வாங்கும், தலை சுற்றும், கை காலெல்லாம் அசதியாக இருக்கும். பெட்டை அலுத்துக்கொள்கிறாள் என்று வீட்டில் நினைப்பார்கள். இரத்தம் ஊறுவதற்கு இரும்புச்சத்து வேண்டும். முருங்கைக்கீரை, பருப்பு, கௌபி, நெத்தலிக் கருவாடு எல்லாவற்றிலும் அது உண்டு. ஆனால் சாப்பாட்டோடு சேர்த்துத் தேத்தண்ணி குடித்தால் கீரையிலும் பருப்பிலும் உள்ள சத்தை உடம்பு சரியாக எடுக்காது. நாம் உண்டாக்குகிற தேயிலையை நாமே குறை சொல்வதா என்று கேட்காதீர்கள். தேத்தண்ணி குடியுங்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முந்தியோ பிந்தியோ குடியுங்கள், அவ்வளவுதான். சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி விட்ட சம்பலோ ஒரு கொய்யாப்பழமோ இருந்தால் அந்தச் சத்து நன்றாகச் சேரும். கிளினிக்கில் தருகிற இரும்புச்சத்துக் குளிசையையும் பச்சைத் தண்ணியில்தான் போட வேண்டும். மலம் கறுப்பாகப் போகிறதென்று பயந்து குளிசையை அடுப்படியில் ஒளித்து வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். பெயர் சொல்லமாட்டேன். அந்தக் கறுப்பு குளிசையினால் வருவது, பயமில்லை. வெறுங்காலோடு நடப்பதால் ஏறும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சும். பூச்சிக் குளிசையைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

தண்ணீர் விசயத்தை ஆண்கள் முன்னால் பேசக் கூச்சப்படுகிறீர்கள், நான் பேசுகிறேன். மலையில் ஒதுங்க இடமில்லை என்பதால் பல பெண்கள் காலையிலிருந்து தண்ணியே குடிப்பதில்லை. அதனால்தான் பின்னேரம் தலையிடி. மூத்திர எரிவும் அதனால் வரும். இதில் உங்கள் மேல் குற்றமில்லை. கக்கூஸ் கட்டித் தரவேண்டியது நிர்வாகம். மேல்பிரிவு மலைக்கு ஒன்று கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறேன், மறுபடியும் கேட்பேன்.

2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1,000 ரூபாவானபோது பல தோட்டங்களில் கேட்கிற கிலோவும் கூடியது. அது சங்கமும் நிர்வாகமும் பேசவேண்டிய கதை. கூலிக் கதையை மூடி மறைக்க நான் ரொட்டிக் கதை பேசவில்லை. கிலோ கூடினாலும் குறைந்தாலும் இந்த உடம்புதான் உங்களுக்கு மிச்சம்.

இனி ஆம்பிளைகளுக்கு. கவ்வாத்து, முள்ளுக்குத்து எல்லாம் கஷ்டமான வேலைதான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனாலும் உங்களில் பலர் மத்தியானத்தோடு வேலை முடிந்து வந்துவிடுகிறீர்கள். அவள் வர அஞ்சு மணி. வந்து விறகு, தண்ணி, சமையல், பிள்ளைகள். படுக்கப் பத்து மணி. நாலரைக்கு மறுபடி எழும்புகிறாள். நீங்கள் விறகு கொண்டுவந்து சோற்றை வடித்து வைத்தால் அவளுக்கு ஒரு மணி நேர நித்திரை கூடும். சிரிக்க வேண்டாம், நான் வீட்டில் செய்கிறேன். காலையில் கட்டுகிற ரொட்டியில் ஒன்றை, அவள் பெரட்டுக்குப் போகுமுன் முன்னால் உட்காரவைத்துச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கூட்டம் முடிகிற நேரத்தில் பின்வரிசையிலிருந்து ஒரு ஆயா, "ரத்தம் பாக்கன்னு எடுத்தா, இருக்கிறதும் குறைஞ்சு போயிராதா ஐயா?" என்று கேட்டார். விரல் நுனியில் ஒரு துளிதான் எடுப்பார்கள், ஆயா. அட்டை குடிப்பது அதைவிடக் கூட.

வருகிற கிளினிக் நாளில் காலை எட்டு மணி முதல் டிஸ்பென்சரியில் இரத்தம் பார்க்கப்படும். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கிற தாய்மாரும் கிளினிக் அட்டையோடு முதலில் வரவும். வருகிறவர்களுக்கு அன்று அரைப்பேர் போடப்படமாட்டாது, முழுப்பேர்தான். இதைத் துரை ஒப்புக்கொண்டிருக்கிறார். கங்காணிமார் அறியவும் சொல்லி வைக்கிறேன்.