நன்னூலும் மாண்டிசோரி இல்லமும்

(மகாவீரர் ஜயந்தி விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

  

மூன்று வயதுக் குழந்தையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பது இன்று இல்லந்தோறும் எழும் வினா. ஊர்தோறும் 'மாண்டிசோரி' என்னும் பெயர்ப்பலகை தொங்குகிறது. அப்பெயர் தாங்கிய ஒரு பள்ளியில் குழந்தை கோடிட்ட நோட்டில் ஒன்று முதல் நூறு வரை எழுதிக் கை சோர்கிறது. மற்றொன்றில் பாய் விரித்து அமர்ந்து மணிகளை எண்ணுகிறது. இரண்டும் ஒன்றாக இருத்தல் இயலாது. ஆகவே, அப்பெயருக்கு உரியவர் கண்ட பள்ளி எத்தகையது, அங்கே குழந்தைகள் எவ்வாறு கூடி வாழ்ந்து கற்கின்றனர் என்பதைப் பெற்றோர் தெளிந்துகொள்ளுதல் நன்று.

மரியா மாண்டிசோரி அம்மையார் 1870ஆம் ஆண்டு ஆகஸ்டு 31 அன்று இத்தாலியில் பிறந்தவர். 1896இல் ரோம் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றவர். 1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்னும் ஏழையர் குடியிருப்பில் 'குழந்தைகள் இல்லம்' ஒன்றைத் தொடங்கினார். பெற்றோர் வேலைக்குச் சென்றபின் காப்பாரின்றித் திரிந்த சிறார்களே அங்கே முதல் மாணாக்கர். மருத்துவர் நோயாளியை உற்று நோக்குவதுபோல அவர் குழந்தைகளை உற்று நோக்கினார். மூன்று வயதளவினளான சிறுமி ஒருத்தி, மரக்கட்டையில் உள்ள குழிகளில் அவ்வவற்றிற்குரிய உருளைகளைப் பொருத்தும் செயலை நாற்பது முறைக்கு மேல் திரும்பத் திரும்பச் செய்தாள். சுற்றிலும் பிற குழந்தைகள் பாடியும் ஆடியும் அவள் கவனம் கலையவில்லை. முடித்து எழுந்தபோது அவள் முகத்தில் சோர்வு இல்லை, மலர்ச்சியே இருந்தது. தன் விருப்பால் மேற்கொண்ட வேலையில் ஆழ்வது குழந்தையின் இயல்பு என்பதை அவர் அங்கே கண்டார்.

இந்த அம்மையாருக்குத் தமிழ்நாட்டோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அடையாற்றுப் பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் அழைக்க, 1939ஆம் ஆண்டு இறுதியில் அவர் தம் மகன் மாரியோவுடன் சென்னைக்கு வந்தார். அடையாற்றின் மரநிழலில், ஓலைக் கொட்டகைகளில் முதற் பயிற்சி வகுப்பு நடைபெற்றது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து ஏறத்தாழ 300 பேர் வந்து பயின்றனர். அம்மையார் இத்தாலிய மொழியில் பேச, மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துரைத்தார்.

1940இல் இத்தாலி போரில் இறங்கியதும் ஆங்கில அரசு மாரியோவை அகமதுநகர் முகாமில் அடைத்தது. அம்மையார் அடையாற்றை விட்டு அகலலாகாது என்று கட்டுப்படுத்தப்பட்டார். அவரது 70ஆம் பிறந்தநாளன்று, மகனை விடுவித்து அதனையே பிறந்தநாள் பரிசாக வழங்குவதாக வைசிராய் தந்தி அனுப்பினார். பின்னர்க் கொடைக்கானலில் வாழ்ந்த காலத்தில், வெவ்வேறு வயதுக் குழந்தைகள் ஒருங்கு கற்கும் பள்ளியொன்று அவரது வழிகாட்டலில் நடந்தது. இலங்கை ஆசிரியை லீனா விக்ரமரத்ன அங்கே துணை நின்றார். மலையின் செடிகொடிகளும் உயிரினங்களுமே பாடப்பொருளாயின. உலகில் ஒவ்வோர் உயிரும் மற்றோர் உயிருக்குப் பயன்பட்டு வாழ்கிறது என்னும் உணர்வே கல்வியின் அடிப்படை என்ற அவரது கருத்து, அம்மலையில் விரிவு பெற்றது.

அகமதாபாத்திலும் அவர் பயிற்சி வகுப்பு நடத்தினார். அந்நகரின் சமணக் குடும்பமாகிய அம்பாலால் சாராபாய் இல்லத்தில், சரளாதேவி அம்மையார் தம் எட்டு மக்களுக்காக மாண்டிசோரி நெறியில் வீட்டிலேயே பள்ளி அமைத்திருந்தார். விண்வெளி ஆய்வுக்கு வித்திட்ட விக்ரம் சாராபாய் பயின்றது அப்பள்ளியில்தான். அகமதாபாத் சொற்பொழிவுகளை அடிப்படையாகக் கொண்ட நூலொன்று 1949இல் அடையாற்றில் வெளியாகி, உலகெங்கும் பரவியது.

இனி, அந்த இல்லத்தின் உள்ளே செல்வோம். மூன்று வயது முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகள் ஒரே அறையில் இருக்கின்றனர். தாழ்ந்த அலமாரிகளில் பொருள்கள் குழந்தையின் கைக்கு எட்டும்படி வரிசையாக உள்ளன. குழந்தை தனக்கு வேண்டியதை எடுத்து, பாய் விரித்து, வேலை செய்து, எடுத்த இடத்திலேயே திரும்ப வைக்கிறது. முதலில் நீர் ஊற்றுதல், பருப்பைக் கரண்டியால் அள்ளுதல், பெருக்குதல், பொத்தான் இடுதல் ஆகிய அன்றாட வேலைகள். பின்னர் இளஞ்சிவப்புக் கோபுரம். ஒரு சென்டிமீட்டர் முதல் பத்து சென்டிமீட்டர் வரை பக்க அளவுள்ள பத்துக் கனசதுரங்கள். அடுக்கு முறை தவறினால் கோபுரமே அதனைக் காட்டிவிடும். ஆசிரியை சுட்டிக்காட்ட வேண்டுவதில்லை. எழுத்துக்களோ உப்புத்தாளில் வெட்டி அட்டையில் ஒட்டப்பட்டவை. அவற்றை விரலால் தடவி, ஒலியைச் சொல்லிக் குழந்தை அறிகிறது. பென்சில் பிடிக்கும் முன்பே எழுத்தின் வடிவம் கைக்குப் பழகிவிடுகிறது. எண்களுக்குப் பொன்னிற மணிகள் உண்டு. தனிமணி ஒன்று, பத்து மணி கோத்த கோல், நூறு மணியாலான சதுரம், ஆயிரம் மணியாலான கனசதுரம். ஆயிரம் என்பது வாய்ச்சொல்லாக நில்லாமல் இரு கைகளாலும் ஏந்தும் சுமையாகிறது.

ஒவ்வொரு பொருளும் அறையில் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். இது சிக்கனத்தால் வந்தது அன்று. பிறர் முடிக்கும் வரை காத்திருக்கக் குழந்தை பழகவேண்டும் என்பதே நோக்கம். 'அமைதி விளையாட்டு' என்பதும் உண்டு. அனைவரும் அசைவற்று அமர்ந்திருக்க, ஆசிரியை தொலைவில் நின்று ஒவ்வொருவர் பெயரையும் மெல்லிய குரலில் அழைப்பார். அழைக்கப்பெற்றவர் ஓசையின்றி எழுந்து செல்லவேண்டும். பொருளை எடுத்தலிலும் வைத்தலிலும் கவனம், நடையில் கவனம் என்பனவற்றைச் சமிதி எனப் போற்றும் மரபினர்க்கு இப்பயிற்சியின் அருமையை விளக்கவேண்டுவதில்லை.

இங்கே நன்னூலை நினைவுகூர்தல் பொருந்தும். சமண முனிவராகிய பவணந்தியார் அந்நூலின் பொதுப்பாயிரத்தில் மாணாக்கரை மூவகையாகப் பிரிக்கிறார். அன்னமும் பசுவும் போன்றவர் முதல் மாணாக்கர். மண்ணும் கிளியும் போன்றவர் இடைப்பட்டவர். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, நெய்யரி போன்றவர் கடைப்பட்டவர். சொன்னதைச் சொல்லும் கிளிக்கு அவர் தந்த இடம் இரண்டாவதே! கிடைத்தபோது மேய்ந்து, பின் ஓரிடத்தில் அமர்ந்து அசைபோடும் பசுவுக்கே முதலிடம். சான் லொரென்சோவில் ஒரே செயலை நாற்பது முறைக்கு மேல் செய்த சிறுமி செய்தது அசைபோடுதல் அல்லாமல் வேறென்ன? இன்றைய மழலையர் வகுப்புகள் பலவும் குழந்தைக்கு மேய்ச்சலை மட்டும் தந்து, அசைபோடும் பொழுதைப் பறித்துவிடுகின்றன.

நல்லாசிரியர்க்குப் பவணந்தியார் கூறும் முதல் உவமை நிலம். பொறுமையும், உழுபவன் முயற்சிக்கு ஏற்ப விளைவு தருதலும் நிலத்தின் இயல்புகள். ஆசிரியர் ஆகாதவர்க்கு அவர் கூறும் உவமைகளுள் ஒன்று பருத்திக் குண்டிகை; குறுகிய வாயுள்ள குடத்தில் பஞ்சைச் சிறிது சிறிதாகத் திணித்து, சிறிது சிறிதாகவே எடுப்பது. மாண்டிசோரி இல்லத்து ஆசிரியை நிலம் போன்றவர். ஒருமுறை செய்து காட்டுகிறார். பின் விலகி நின்று பார்க்கிறார். கையில் பிரம்பும் இல்லை, பரிசுப் பொருளும் இல்லை. ஆழ்ந்து வேலை செய்யும் குழந்தையைப் பாராட்டுவதற்காகக்கூட அவர் இடைமறிப்பதில்லை.

இளம் பெற்றோர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்று உண்டு. மூன்று வயதுக் குழந்தை மூத்தோரைப் பார்த்துக் கற்கிறது. நான்கு வயதில் தானே செய்து தேர்கிறது. ஐந்து வயதில் இளையோர்க்குக் கற்றுத் தருகிறது. ஷூவுக்குக் கயிறு கட்டத் தெரியாத தம்பிக்கு அக்கா கட்டிக் காட்டுகிறாள்; காட்டும்போது தான் அறிந்ததை மீண்டும் அறிகிறாள். முதலிரண்டு ஆண்டும் விதைத்தது மூன்றாம் ஆண்டில்தான் விளைகிறது. ஆயினும், பெரிய பள்ளியில் இடம் கிடைக்காமற் போய்விடுமோ என்று அஞ்சி, நான்கு வயது நிறைந்ததும் குழந்தையை எல்.கே.ஜி. வகுப்புக்கு மாற்றிவிடும் பெற்றோர் பலர். மழலையர் வகுப்பிலேயே சேர்க்கையை முடித்துவிடும் பள்ளிகள் இருப்பதால் அவ்வச்சம் காரணமற்றது அன்று. ஆனால் கதிர் முற்றும் முன்பே அறுவடை செய்தால் கையில் வருவது பதரே. சேர்க்கும்போதே மூன்றாண்டுக்கும் மனம் துணிந்து சேர்த்தலே முறை. அதற்கு வாய்ப்பில்லையெனில், இந்நெறியில் இரண்டாண்டில் முழுப்பயன் எதிர்பார்த்தல் ஆகாது.

பெயர்ப்பலகையைப் பார்ப்பதைவிட வகுப்பறையில் ஒரு மணி நேரம் அமர்ந்து பார்த்தல் மேல். வெவ்வேறு வயதினர் ஒருங்கே உள்ளனரா? குழந்தையே வேலையைத் தேர்கிறதா? ஆசிரியையின் குரல் ஓங்கி ஒலிக்கிறதா, குழந்தைகளின் கைகள் இயங்குகின்றனவா? இவற்றைக் கண்டாலே உண்மை விளங்கிவிடும்.

அத்தகைய பள்ளி எல்லா ஊரிலும் இல்லை. உள்ள இடத்தில் கட்டணம் எல்லார்க்கும் எட்டுவதும் இல்லை. எனினும் இந்நெறியின் உயிர்ப்பகுதிக்குப் பொருட்செலவு கிடையாது. குழந்தையின் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு தண்ணீர்க் குவளை, அதன் கைக்கேற்ற சிறு துடைப்பம், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துச் செல்ல அனுமதி ஆகியவை போதும். நீர் சிந்தினால் அடுத்து துணி எங்கே இருக்கிறது என்பதைக் காட்டினால் போதும், கடிந்துரைக்க வேண்டா. பேரன் சட்டைப் பொத்தானை இடத் திணறும்போது பாட்டியின் கை முந்திக்கொண்டு நீள்கிறது. அந்தக் கையைச் சற்றே மடக்கிக் காத்திருப்பதுதான் பெரியோர் செய்யத்தக்க பேருதவி. அன்பு குறைந்து காத்திருப்பதன்று அது. அன்பு முதிர்ந்து காத்திருப்பது.

குழந்தைகள் கிளிகளாகப் பேசினால் கேட்பவர்க்கு மகிழ்ச்சி. பசுக்களாக அசைபோட்டால் அவர்களுக்கே வாழ்நாள் முழுதும் பயன். எதனை வேண்டுவது என்பதைப் பெற்றோர் எண்ணித் துணிக!