இயந்திரம் சுருக்கிய கோவை

(கூத்தாநல்லூரில் நடந்த குறுவள மையக் கூட்டத்தில் கணித ஆசிரியர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன வருடம் பத்தாம் வகுப்புக்கு ஹைடெக் லேபில் ஜியோஜீப்ரா காட்டினேன். பாடநூலில் ‘இணையச் செயல்பாடு’ என்று வருமே, அதுதான். கோவையைக் கொடுத்தவுடன் காரணிகள் வந்து விழுந்தன. பின்வரிசைப் பையன் எழுந்தான். “சார், இதுவே செய்யுதே, நாங்க எதுக்கு நோட்டுல செய்யணும்?” என்னிடம் பதில் இல்லை. “பரீட்சையில கம்ப்யூட்டர் தருவாங்களா? உட்காரு” என்றேன். வகுப்பு சிரித்தது. அந்த மாதம் முழுக்க அவன் கேள்வியே கேட்கவில்லை.

அந்த உறுத்தலில்தான் கணினி இயற்கணிதம் பற்றித் தேடிப் படித்தேன். √2-ஐ 1.414 என்று எடுத்து வர்க்கப்படுத்தினால் 1.999396 வரும். இந்த மென்பொருள் √2-ஐ √2 ஆகவே வைத்துக்கொண்டு 2 என்கிறது. மெய்யெண்கள் பாடத்தில் நாம் தொண்டை வறளச் சொல்வதும் இதைத்தானே!

இதற்காகவே ஆய்வாளர்களும் மாணவர்களும் கூடுகிறார்கள். 2005-இல் வில்லியம் ஸ்டைன் தொடங்கிய இலவச மென்பொருள் சேஜ். அதற்கான ‘சேஜ் டேஸ்’ வரிசையில் 60-ஆவது, 2014 ஆகஸ்டில் சென்னை தரமணி கணித அறிவியல் நிறுவனத்தில் நடந்தது. இத்தகைய கூட்டம் உரையோடு முடிவதில்லை. மடிக்கணினியோடு சேர்ந்து உட்கார்ந்து நிரல் எழுதுவார்கள், பிழை தேடுவார்கள். பேராசிரியர் எழுதியதில் மாணவர் பிழை கண்டுபிடிக்கலாம். யாரும் “உட்காரு” என்பதில்லை.

பக்கத்துக் கும்பகோணத்தில் படித்த இராமானுஜன் கதையும் இதுதான். 4-ஐ மிகை முழுக்களின் கூடுதலாக 5 விதத்தில் எழுதலாம். 200-ஐ? 39,72,99,90,29,388 விதத்தில். இராமானுஜனும் ஹார்டியும் 1918-இல் வெளியிட்ட வாய்பாட்டைச் சரிபார்க்க உதவியது, மக்மஹோன் கையால் போட்ட கணக்கு. இன்று சேஜ் கண்ணிமைப்பதற்குள் சொல்லிவிடும். அது சொல்வது சரிதானா என்று யாராவது பார்க்கவேண்டுமே.

மறுபடி லேபுக்குப் போனோம். எக்ஸ் வர்க்கம் கழித்தல் ஒன்றை, எக்ஸ் கழித்தல் ஒன்றால் வகுக்கச் சொன்னேன். எக்ஸ் கூட்டல் ஒன்று என்றது கணினி. அந்தப் பையனையே கேட்டேன். கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். “எக்ஸுக்கு ஒன்னு போட்டா கீழ பூஜ்ஜியம் வருதே சார், அத இது சொல்லலையே?” விலக்கப்பட்ட மதிப்பு! நான் கரும்பலகையில் மூன்று முறை எழுதியும் பதியாதது. அவனிடம் போன மாதத்துக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன்.

நாமும் இப்படி ஒன்று கூட்டலாம். இராமானுஜன் பிறந்த டிசம்பர் 22 அரையாண்டுத் தேர்வில் மாட்டிக்கொள்ளும். ஜனவரியில் ஒரு சனிக்கிழமை, எங்கள் பள்ளி லேபில். பள்ளிக்கு நான்கு பிள்ளைகள், ஆளுக்கொரு கணக்கு. விடையை முன்பே நோட்டில் போட்டிருக்க வேண்டும். அழைத்து வருகிறவர்கள் இடைவேளையில் என்னிடம் பெயர் கொடுங்கள்.